கூலியாளாய்க் கரையேறிய தலைவர்



சனவரி 16 புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடு அன்னையின் திருத்தலத்திற்கும் சென்றதை உங்களுள் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நோய் வந்தபோதும் மழை பொய்த்தபோதும் அவரை நோக்கி மன்றாடிய மரபு நம்முடையது. இறைவனுக்கு உகந்த தலைமை எத்தகையது என்னும் வினாவிற்கும் அவரது வாழ்வில் விடை உண்டு. பங்குச் சபைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நிர்வாகிகளைத் தெரிவு செய்யும் வேளைகளில், அஜின்கோர்ட்டில் வாழும் நாம் அவ்விடையைச் செவிமடுப்பது நலம்.

1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன, குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் திருப்பலியின்றி வாழ்ந்தனர். வீட்டின் உள்ளறையில் தாயும் தந்தையும் சொல்லிக் கொடுத்த செபங்களே அவர்களின் விசுவாசத்தைக் காத்தன.

இச்செய்தி கோவாவில் ஓர் இளங்குருவின் உள்ளத்தைத் தைத்தது. 1651இல் பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த யோசப் வாஸ், 1685இல் அங்கிருந்த ஓரட்டரி துறவுக் குழுவில் சேர்ந்து அதன் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். மறு ஆண்டே அப்பதவியைத் துறந்து, இலங்கைக்குச் செல்ல இசைவு பெற்றார். 1687இல் கூலியாளின் உடையில், யோவான் என்னும் துணைவரோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைந்தார். வழியிலேயே கடும் வயிற்றோட்டத்தால் நலிந்திருந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாய் இரந்து நின்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே தாம் தேடி வந்த மந்தையென்று அறிந்துகொண்டார். மரபையும் ஊரையும் கேட்டறிந்த பின்னரே ஒருவருக்கு இருக்கை தரும் வழக்கம் கடல் கடந்தும் நம்மைவிட்டு முற்றாய் அகலவில்லை. அத்தகைய நாம், பிச்சைக்காரராய் வந்த இத்தலைவரை அன்று வாசலில் கண்டிருந்தால் உள்ளே அழைத்திருப்போமா?

சில்லாலை மக்கள் அழைத்தார்கள். அதற்குரிய விலையையும் கொடுத்தார்கள். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர்மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். ஏறத்தாழ 200 பேர் சிறைப்பட்டனர். சிலர் கொடிய கசையடிக்கு ஆளாயினர். அடிகளார் பிடிபடவில்லை. தலைவர் தப்பினார், மக்கள் அடிபட்டனர் என்னும் இவ்வுண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எந்தத் தலைவரின் பணிக்கும் பின்னால், பெயர் அறியப்படாத எளியோரின் துன்பம் நிற்கின்றது. அக்கடனை மறவாதவரே நல்ல ஆயர். அடிகளார் மறக்கவில்லை. கண்டி இராச்சியத்தில் தங்குமிடம் கிடைத்த பின்னரும், ஒல்லாந்தர் ஆண்ட கரையோரப் பகுதிகளுக்கு மறைவாய்ச் சென்று அருட்சாதனங்களை வழங்கினார்.

1692இல் கண்டிக்குச் சென்ற அவர், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்னும் ஐயத்தால் சிறை வைக்கப்பட்டார். அச்சிறையிலேயே சிங்களம் கற்றார். அவரது தாய்மொழி கொங்கணி. தமிழையும் சிங்களத்தையும் முப்பது வயதைக் கடந்த பின்னரே, மக்களின் பொருட்டுக் கற்றுக்கொண்டார். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று நாம் வருந்துகின்றோம், அவ்வருத்தம் நியாயமானதே. அவர்கள் தமிழ் கற்கவும் வேண்டும். ஆயினும் அவர்களின் மொழியில் அவர்களின் அச்சங்களைக் கேட்பதற்கு நம் மூத்தோருள் எத்தனை பேர் முயன்றோம்? வழிநடத்த விரும்புபவரே முதலில் மற்றவரின் மொழியைக் கற்கவேண்டும் என்பதை அச்சிறைவாசம் நமக்குச் சொல்கின்றது.

பின்னர்க் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னர் நகரைவிட்டு நீங்கினார். நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். அடிகளாரும் அவரது உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கினர். நோயாளரைக் கழுவி, உணவளித்து, இறந்தோரை அடக்கம் செய்தனர். இறுதி இராவுணவின்போது சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரின் செயல், அந்நகரில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். நோயுற்றோருள் இவர் பௌத்தர், இவர் கத்தோலிக்கர் என்று அவர்கள் வேறுபாடு காட்டவில்லை.

திருத்தந்தையின் தூதராய்ப் புதுச்சேரிக்கு வந்திருந்த டூர்னோன், அவரை இலங்கைக்கு ஆயராக்க எண்ணினார். அடிகளார் அதை ஏற்க மறுத்தார். தனக்கு மேலான இருக்கையைத் தேடாதவர், தன் பணிக்கு உதவியாளரைக் கேட்டுக் கோவாவிற்கு ஓயாது எழுதினார். அவ்வாறு 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி விசுவாசத்திற்கு உரமிட்டார். குரு செல்ல இயலாத ஊர்களில் செபங்களை நடத்தவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும் பொதுநிலையினரே பயிற்றுவிக்கப்பட்டனர். ஆகவே 1711 சனவரி 16 அன்று யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் கண்மூடியபோது, அவர் வளர்த்த திருச்சபை அவரோடு வீழ்ந்துவிடவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி முடியும் வரைக்கும் அது தாங்கி நின்றது.

அன்பிற்குரியவர்களே, தலைவரைத் தேடும்போது மேடையில் நன்றாய்ப் பேசுபவரையும், நன்கொடை மிகுதியாய்த் தருபவரையும் நம் கண்கள் முதலில் நாடுகின்றன. இனி வேறு சில வினாக்களையும் எழுப்புங்கள். பதவி கிடைக்காதபோதும் இவர் பணி செய்வாரா? தாம் விலகிய பின் பணியைத் தொடர இளையோரை உருவாக்குகின்றாரா? பனிக்காலத்தில் தனியே வாழும் முதியவரின் கதவைத் தட்டுகின்றாரா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை தரும் ஒருவர் உங்கள் மாடிக் குடியிருப்பிலேயே, எவரும் அறியாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவரை இனங்கண்டு, அவர் கரத்தை வலுப்படுத்துங்கள்.

புனித யோசப் வாஸ் அடிகளாரின் மன்றாட்டு நம் குடும்பங்களைக் காப்பதாக. இறை ஆசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.