ஏரிக்கரைச் சரிவு

நீரைத் தேக்கும் மண்கரையைச் செங்குத்தாக நிறுத்தாமல் இருபுறமும் சாய்த்துக் கட்டும் முறை. இதன் தேவையைக் காட்ட ஓர் ஊர், மாகறல். அது காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே செய்யாற்றங்கரையில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் உழவு ஏரிகளை நம்பியது. செய்யாறும் பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், மழைக்கால வெள்ளத்தைப் பிடித்துவைக்கக் கரை வேண்டியிருந்தது.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்திலேயே மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் இருந்தது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டி, கூரத்தில் பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொண்டுவந்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் எழுந்தது. அவ்வூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தல் முறைக்காகவே எல்லோரும் போற்றுகிறோம். அந்த ஓலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரிகளைக் கவனித்த ஏரி வாரியம் என்பதையும் அதே மதிப்போடு நினைக்க வேண்டும்.

கரையின் உட்சரிவுதான் அலையை எதிர்கொள்கிறது. செங்குத்துச் சுவரில் மோதும் அலை தன் வேகம் முழுவதையும் அங்கேயே இறக்கும், அடிமண்ணை அரிக்கும். சரிவில் ஏறும் அலையோ உடைந்து, இழுபட்டு, களைத்துத் திரும்பும். அதனால்தான் உட்புறம் கரடுமுரடான கற்களைப் பாவுகிறார்கள். ஒரு கல் நழுவினால் பின்னாலுள்ள மண் கரையத் தொடங்கும்; அடுத்த கல்லும் பிடி இழக்கும். நண்டு வளையும் எலி வளையும் கரையை உள்ளிருந்து துளைப்பதால், அவற்றைத் தேடி அடைப்பதும் கரை காப்பதில் அடக்கம்.

குளிர்நாடுகளில் இதே சரிவு பனிக்கட்டியைத் தடுக்கிறது. செங்குத்துத் தூணில் மோதும் பனிப்பாளம் நொறுங்கியாக வேண்டும். அதற்குப் பெரும் விசை தேவை, அதைத் தாங்க வேண்டியது தூண். சரிவில் ஏறும் பாளம் வளைந்து முறிகிறது. பனிக்கட்டி நசுக்குதலைத் தாங்கும் அளவுக்கு வளைவைத் தாங்காது என்பதே சூட்சுமம். சீனாவின் போகாய் கடலில் 1969இல் பனி ஓர் எண்ணெய் மேடையையே சாய்த்தது. கனடாவில் 1997இல் திறக்கப்பட்ட 12.9 கி.மீ. நீளக் கான்ஃபெடரேஷன் பாலத்தின் தூண்களுக்கு நீர்மட்டத்தில் கூம்புகள் வைத்தார்கள். முறிந்த துண்டுகள் சரிவில் குவிந்தால் அந்தச் சுமையும் சேரும். ஆகவே அங்கே பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். நம் ஏரியில் அலையின் வேகத்தைக் குறைக்கச் சொரசொரப்பு வேண்டும். சாய்வு ஒன்றுதான், தோல் நேர்மாறு.

கரை காப்பது ஊரார் தாமே உழைத்துச் செய்யும் குடிமராமத்தாக இருந்தது. ஊர்க்கட்டு தளர, 1858இல் சென்னை மாகாணம் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 2015 பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல ஏரிகள் உடைந்தன. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது. அதில் தூர் எடுத்த ஆழத்தைப் படம்பிடிப்பது எளிது. உட்சரிவில் நழுவிய கல்லைக் கண்டுபிடிக்க, ஏரி நிரம்புவதற்குள் கரையோரம் நடந்தே ஆகவேண்டும்.