வெட்டும் அளவும்: ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் தனிமனிதச் சாதனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி வியன்னாவில் தியோடர் பில்றொத் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோயுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக வெட்டியகற்றியமை அவ்வரலாற்றிலே விதந்து கூறப்படுவதாகும். அந்நோயாளி ஏறத்தாழ நான்கு மாதங்களில் நோய் பரவி இறந்தமை அத்துணை பேசப்படுவதில்லை. முற்றிய பின்னரே நோய் புலப்படுமாயின், எத்துணைக் கைத்திறனும் பயன் தருவது அரிது.

இந்நிலை யப்பானிலேயே மாறத் தொடங்கிற்று. அங்கு இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் பெருங்கொல்லியாக விளங்கியது. 1950ஆம் ஆண்டளவில் டோக்கியோப் பல்கலைக்கழக வைத்தியர் உஜி தட்சுவோ, ஒலிம்பஸ் நிறுவனப் பொறியியலாளர் இருவருடன் சேர்ந்து, இரைப்பையினுள்ளே செலுத்திப் படம்பிடிக்கும் கருவியொன்றை உருவாக்கினார். 1960இல் மியாகி மாகாணத்தில் எக்ஸ்-கதிர்க் கருவி பொருத்திய வண்டிகள் ஊரூராகச் சென்றன. நோய்க்குறி ஏதுமற்ற சாதாரண மக்களே பரிசோதிக்கப்பட்டனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1983இல் இது சட்டத்தின்வழி நாடு தழுவியதாயிற்று.

1962இல் யப்பானிய அறிஞர், சீதமென்சவ்வையும் அதன் கீழ்ப்படையையும் தாண்டாத நோயை ‘ஆரம்பநிலை’ என வரையறுத்தனர். அவ்வாண்டிலேயே நோயைப் பதிவுசெய்வதற்கான பொதுவிதிகளும் வகுக்கப்பட்டன. எனினும் சிகிச்சை மாறவில்லை. நோய் சிறிதாயினும் இரைப்பையின் பெரும்பகுதியும் சூழவுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. அகற்றிய உறுப்பை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, நோயின் ஆழம், அகலம், கலத்தின் இயல்பு, கணுக்களின் நிலை ஆகியவற்றைக் குறித்துவைத்தனர். சலிப்பூட்டும் இவ்வேலையின் பெறுமதி பின்னரே தெரியவந்தது. 2000இல் கொத்தொதா முதலானோர் 5,265 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, எத்தகைய நோய் கணுக்களுக்குப் பரவுவதில்லை என எடுத்துக்காட்டினர். அதன்பின் ஒருவருக்கு இரைப்பையைக் காத்து, வாய்வழிச் செலுத்தும் கருவியால் நோயுற்ற படையை மாத்திரம் உரித்தெடுக்கலாமா என்பதைச் சான்றுடன் தீர்மானிக்க முடிந்தது. அதற்கான கத்தி 1990களிலேயே ஆக்கப்பட்டிருந்தது. இரைப்பைச் சுவர் துளைபடாதிருக்க அதன் நுனியில் சிறு பீங்கான் குண்டொன்று இருந்தது.

தனியாளுக்கேற்ற சிகிச்சை என இன்று போற்றப்படுவது, இவ்வாறு இரைப்பையை இழந்த ஆயிரக்கணக்கானோரின் உடலிலிருந்து பெற்ற அறிவேயாகும். அவர்களுட் பலருக்கு அத்துணைப் பெரிய வெட்டு வேண்டியிருக்கவில்லை என்பதையும் அதே பதிவுகள் காட்டுகின்றன. இம்முரணை வரலாற்றாசிரியர் மூடிமறைத்தல் தகாது.

இரைப்பைக்குரிய அளவுகோலை உணவுக்குழாய்க்கு அப்படியே பொருத்தவும் இயலாது. அங்கு நோய் கீழ்ப்படையை எட்டியதும் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு மிகுதி. உட்சுற்றில் அகலமாக உரித்தால், தழும்பு சுருங்கி விழுங்கும் வழியே அடைபடலாம். அயடீன் கரைசலைத் தெளித்தால் நலமான பகுதி கபிலநிறம் பெற, நோயுற்ற பகுதி நிறமேறாது நிற்கும். எல்லையைக் காண இவ்வெளிய உத்தி உதவுகின்றது.

எவ்வாறாயினும், நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டவருக்கே இத்தெரிவுகள் யாவும் உரியன. பொதுப் பரிசோதனை இல்லாத நாடுகளில் நோயாளருட் பெரும்பாலோர் காலந்தாழ்த்தியே வைத்தியசாலையை அடைகின்றனர். தென்கொரியா 1999இல் தன் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அரச மருத்துவ உதவி பெறும் வறியோருக்கே முதலில் அதனை இலவசமாக வழங்கிற்று.