விளக்கணைந்த விமானம்

பகலில் பறக்கும் விமானத்திற்குக் கதிரவனே விளக்கு. இரவில் பறப்பதற்கோ மனிதன் தானே ஒளியைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் அவ்வொளியைத் தரையில் ஏற்றினான். பின்னர் மின்சாரமாக விமானத்திற்குள்ளேயே ஏற்றிச் சென்றான். அந்த மின்சாரம் நள்ளிரவில் நடுவானில் நின்றுவிடுமாயின் விமானி செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையை எண்ணிப் பார்ப்போம்.

1921ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், அமெரிக்க அஞ்சல் துறை தன் நாட்டின் இரு கடற்கரைகளிலிருந்தும் அஞ்சல் விமானங்களை அனுப்பியது. இரவிலும் அஞ்சல் நில்லாது செல்லும் என்று நாட்டுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். அன்றிரவு ஜேக் நைட் என்னும் விமானி, நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட்டிலிருந்து ஒமாகாவுக்குப் பறந்தார். கீழே மக்கள் மூட்டியிருந்த தீயே அவருக்கு வழிகாட்டியது. ஒமாகாவில் அவர் பணி முடிந்திருக்க வேண்டும். ஆனால், அங்கிருந்து சிக்காகோவுக்கு அஞ்சலைக் கொண்டுசெல்ல வேண்டிய விமானி வரவில்லை. அதுவரை தாம் பறந்தறியாத அவ்வழியில் நைட் துணிந்து புறப்பட்டார். மறுநாள் காலை சிக்காகோவை அடைந்தார். சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட அஞ்சல் 33 மணி 20 நிமிடத்தில் நியூயார்க்கை எட்டியது.

தீ மூட்டிய இடத்தில் பின்னர்ச் சுழல்விளக்குக் கோபுரங்கள் எழுந்தன. 1924 ஜூலை முதல் நாளன்று இரவு அஞ்சல் முறையான சேவையாயிற்று. அதன்பின் விமானத்தினுள்ளும் விளக்குகள், வானொலிக் கருவி, திசைகாட்டும் கருவிகள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெற்றன. அவற்றையெல்லாம் இயக்குவது மின்சாரமே.

சிறிய விமானத்தில் மின்சாரம் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலான பிஸ்டன் எஞ்சின்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை ‘மாக்னெட்டோ’ என்னும் கருவி, எஞ்சினின் சுழற்சியாலேயே உண்டாக்குகிறது. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. உயரத்தையும் வேகத்தையும் காட்டும் பழைய முறைக் கருவிகள் காற்றழுத்தத்தால் இயங்குபவை. ஆகவே, விமானம் பறந்துகொண்டேயிருக்கும். விமானி இழப்பது ஒளியையும் பேச்சையுமே.

மின்னாக்கி பழுதுற்றவுடன் சுமை முழுவதும் மின்கலத்தின்மேல் விழுகிறது. அது அளவோடு நீர் உள்ள குடம் போன்றது. தேர்ந்த விமானி முதலில் விமானத்தை நிலையாகப் பறக்கச் செய்வார். பின்னர் வேண்டாத விளக்குகளையும் கருவிகளையும் நிறுத்துவார். குடம் வற்றுமுன்னரே தம் நிலையைத் தரைக்கு அறிவித்து, அருகிலுள்ள நல்ல விமான நிலையத்தை நாடுவார். கைவிளக்கின் ஒளியில் கருவிகளைப் படிப்பார். வானொலி அடங்கிவிட்டால், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் ஒளிக்குறியை நோக்குவார். நிலையான பச்சை ஒளி, இறங்கலாம் என்பது. நிலையான சிவப்பு ஒளி, வட்டமிட்டுக் காத்திரு என்பது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. ஆளில்லாத சிறு நிலையங்கள் சிலவற்றில், விமானி தம் வானொலியால் குறிப்பு அனுப்பினாலன்றி ஓடுபாதை விளக்குகள் எரிவதில்லை. வானொலி இழந்தவருக்கு அந்நிலையம் இருளாகவே இருக்கும். தீ மூட்ட மனிதர் காத்திருந்த 1921ஆம் ஆண்டின் இரவை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1983 அக்டோபர் 11ஆம் நாள் இரவு நிகழ்ந்தது இதற்கொரு துயரச் சான்று. ஏர் இல்லினாய் நிறுவனத்தின் சிறிய பயணியர் விமானம் ஒன்று, ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பண்டேல் நகருக்கு 8 மணி 20 நிமிடத்திற்குப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் அதன் இடப்பக்க மின்னாக்கி பழுதுற்றது. துணை விமானியோ தவறுதலாக வலப்பக்க மின்னாக்கியைத் துண்டித்தார். அதனை மீண்டும் இணைக்க இயலவில்லை. புறப்பட்ட நிலையம் அருகிலேயே இருந்தது; திரும்பி வரவும் வாய்ப்பளிக்கப்பட்டது. தலைமை விமானி, மின்கலத்தை நம்பி மேலே செல்லவே முடிவு செய்தார். மேகம் சூழ்ந்த இருளில் மின்கலம் வற்றியது. 8 மணி 53 நிமிடத்திற்குப் பிங்க்னிவில் அருகே விமானம் வீழ்ந்து, அதிலிருந்த பத்துப் பேரும் மாண்டனர். திரும்பாமல் சென்ற அம்முடிவே விபத்துக்குக் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது.

எஞ்சின்கள் ஓடின; இறக்கைகள் முறியவில்லை. முறிந்தது காலக் கணக்கு ஒன்றே. முப்பத்து மூன்று நிமிடங்களின் தொடக்கத்தில் எளிதாயிருந்த செயல், அவற்றின் முடிவில் இயலாததாயிற்று. கண் கெட்ட பிறகு கதிரவன் வணக்கம் எதற்கு என்று நம் முன்னோர் கேட்டனர். நைட் துணிந்து சென்றதைப் புகழும் நாம், திரும்பி வருவதற்கும் துணிவு வேண்டும் என்பதை மாணவர்க்கு உணர்த்தக் கடமைப்பட்டுள்ளோம். விளக்கு எரியும்போதே எடுக்கும் முடிவுதான் இருளில் நம்மைக் காக்கும்.