ஏரித் தூம்பும் ஒன்பதாம் வகுப்புப் பாடமும்

 

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தபோது அடி அண்ணாமலையில் கொஞ்சம் உட்கார்ந்தோம். ஒன்பதாவது படிக்கும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, பாய்மம்னு ஒரு பாடம் இருக்கு. தண்ணின்னு சொன்னா போதாதா? எதுக்குத் தனியா ஒரு பேரு?"

நல்ல கேள்வி. நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர், எண்ணெய், பால், சைக்கிள் டியூபுக்குள் இருக்கும் காற்று எல்லாமே பாய்மம்தான். செங்கல்லைப் பக்கவாட்டில் தள்ளினால் அது வடிவம் மாறாது. பாய்மமோ எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் இடம் கொடுத்து நகர்ந்துவிடும். அதனால்தான் அதற்குச் சொந்த வடிவம் இல்லை. இன்னொரு குணம்: அது கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, எல்லாப் பக்கமும் அழுத்தும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும்.

இந்தக் குணத்தோடு நம் முன்னோர் எப்படிப் பழகினார்கள் என்று பார்க்க நம் மாவட்டத்து மாமண்டூருக்குப் போகலாம். மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் உள்ள குன்றை ஒட்டி அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் பழைய பெயர் சித்திரமேகத் தடாகம். இதுபோன்ற ஏரிகளின் கரையைக் கவனியுங்கள். மேலே குறுகி, அடியில் அகன்றிருக்கும். அழுத்தம் அடியில்தானே அதிகம்!

அடுத்தது தூம்பு. பல்லவர் காலம் தொட்டே தூம்பு பற்றிய கல்வெட்டுகள் தமிழகத்தில் கிடைக்கின்றன. ஏரிக்குள் ஒரு கல் தொட்டி, அதன் மேல்மூடியில் சிறிய துளை, துளைக்கு ஓர் அடைப்பு. அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள கால்வாய் வழியாக வயலுக்குப் போகும்.

துளை ஏன் சிறியது? கணக்குப் போடுவோம். 3 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் தண்ணீரின் அழுத்தம் சுமார் 300 கிராம் எடைக்குச் சமம். துளை அரைச் சாண் குறுக்களவு, அதாவது 11 சென்டிமீட்டர் என்றால், அடைப்பின் மேல் சுமார் 28 கிலோ. ஓர் ஆள் தூக்கிவிடலாம். அதுவே 45 சென்டிமீட்டர் சதுரக் கதவாக இருந்தால் 600 கிலோ! பத்துப் பேர் சேர்ந்தாலும் சிரமம்தான்.

அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, பாத்திரத்தின் வடிவத்தைப் பொறுத்ததல்ல என்று ஸ்டெவின் ஐரோப்பாவில் எழுதியது 1586இல். துளையில் வெளியேறும் நீரின் வேகத்தை டாரிசெல்லி கணக்கிட்டு வெளியிட்டது 1644இல். பாஸ்கலின் நூல் 1663இல் வந்தது. அவர்கள் விதியாக எழுதினார்கள். நம் ஊர்க்காரர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கல்லிலும் மண்ணிலும் கட்டிப் புழங்கினார்கள். இரண்டுமே அறிவுதான். ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்த வேண்டியதில்லை.

கட்டியதோடு அவர்கள் விட்டுவிடவும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கோடி வழியாகப் போக வேண்டும். கோடி அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும், மண் ஊறும், கரை போகும்.

மண் ஊறினால் என்ன ஆகும் என்பதை நம் மலையே நமக்குக் காட்டிவிட்டது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள்மேல் சரிந்தன. ஏழு உயிர்கள் போயின, அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மண் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்ததும் அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளுகிறது. ஒன்றையொன்று பிடித்திருந்த உராய்வு குறைகிறது. அதுவரை திண்மமாக நின்ற சரிவு பாய்மம்போல் ஓடிவிடுகிறது. தூம்பின் அடைப்பை அழுத்துகிற அதே நீரழுத்தம்தான் இதுவும்.

பேத்தி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வில் இந்தப் பாடத்துக்குச் சில மதிப்பெண்கள்தான். ஆனால் ஓடையை மறித்து மனை போடும்போதும், கோடியைத் தூர்க்கும்போதும், மலைச்சரிவில் வீடு கட்டும்போதும் இதே பாடம்தான் வந்து நிற்கிறது. உங்கள் பிள்ளைகளை ஒருமுறை ஊர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்த் தூம்பையும் கோடியையும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்