சம்பளச் சீட்டும் சீட்டுப் பணமும்

பொரளைச் சந்தியிலிருந்து வனாத்தமுல்லைப் பக்கம் செல்லும் ஒழுங்கைகளில் வாழும் ஒரு தையற்காரியை நினைத்துக்கொள்வோம். பத்தாண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் உழைத்தவள். ஓராண்டுக்கு முன் அதைவிட்டு, வீட்டின் முன்னறையில் சொந்தமாகத் தைக்கத் தொடங்கியவள். தொழிற்சாலையில் பெற்றதைவிட இன்று அவள் கூடுதலாகவே சம்பாதிக்கிறாள். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. ஆயினும், சிறு வீடொன்று வாங்குவதற்கு ஈட்டுக் கடன் கேட்டு அவள் வங்கிப் படியேறினால், முதலில் எழும் வினா "சம்பளச் சீட்டு எங்கே?" என்பதே. அது இல்லையெனில் வியாபாரப் பதிவு, வருமான வரிப் பத்திரம், சில ஆண்டுகளின் கணக்குகள், நிரந்தர உத்தியோகமுள்ள பிணையாளர் என்று பட்டியல் நீளும். தொழில் தொடங்கி ஓராண்டே ஆனவளிடம் மூன்றாண்டுக் கணக்கு எங்ஙனம் இருக்கும்? குறைந்த வருமானம் பெற்ற காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய கடன், வருமானம் உயர்ந்த பின்னர் மறுக்கப்படுகிறது.

இம்முரண்பாட்டை ஓர் அதிகாரியின் மனக்கடுமையாகக் கொள்வது தவறு. கடன் கொடுப்பவன் எதை நம்புகிறான் என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தின் வரலாறே இக்கேள்விக்கு விடை தரவல்லது.

ஈழத் தமிழர் நன்கறிந்த ஒற்றி முறையிலிருந்து தொடங்குவோம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தார். அதில் ஒற்றிக்குத் தனியிடம் உண்டு. கடன் கொடுத்தவன் காணியைக் கையேற்று, அதன் விளைவை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பான். முதலைத் திருப்பினால் காணி மீளும். இம்முறையில் கடன்பட்டவனின் மாத வருமானத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. காணியே பிணை, காணியே வட்டி. ஆனால் காணி இல்லாதவனுக்கு அங்கே இடமுமில்லை.

கோப்பியும் பின்னர் தேயிலையும் கொழும்பைப் பெரும் துறைமுகமாக்கியபோது வேறொரு முறை உருவாயிற்று. ஐரோப்பிய வங்கிகள் தோட்டத்துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குமே நேராகக் கடன் கொடுத்தன. உள்நாட்டார் கடன்பெற வேண்டுமாயின், வங்கிக்குப் பொறுப்பேற்கும் 'சிராப்' என்னும் இடைநிலையாளரின் தயவு தேவைப்பட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வங்கிகளிடம் குறைந்த வட்டிக்கு வாங்கி, இலங்கையருக்குக் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். 1925இல் பெரியதொரு செட்டியார் நிறுவனம் முறிந்ததும் வங்கிகள் கையை இறுக்கின. உலகப் பொருளாதார மந்தம் அதனைத் தொடர்ந்து வந்தது. கடன் கட்ட முடியாத தென்னந்தோட்டங்கள் பல கடன் கொடுத்தோரின் கைக்கு மாறின.

1931இல் இலங்கை அரச ஈட்டு வங்கி நிறுவப்பட்டது. சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. தேசிய முதலாளிகளும் காணிச் சொந்தக்காரரும் இவற்றால் மூச்சுவிட்டனர். நகரத்து உழைப்பாளிக்கோ, தெருவில் தடியுடன் நின்ற ஆப்கானிய வட்டிக்காரரே வங்கியாக விளங்கினர். சம்பள நாளில் அவர்கள் காரியாலய வாசல்களில் காத்து நின்றது கொழும்பின் பழைய தலைமுறை அறிந்த காட்சி. அந்த வட்டிக்காரரும் மாதச் சம்பளத்தையே பிணையாகக் கண்டனர் என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது.

அவ்வாறாயின், சம்பளமின்றிச் சொந்தத் தொழில் செய்வோர் வீட்டுக் கடனுக்கு என்றுமே தகுதியற்றவராக இருந்தனரா? இவ்விடத்தில் நாம் இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். இன்றைய வீட்டுக் கடன் நிறுவனங்களின் மூதாதையாகக் கருதப்படும் கட்டிடச் சங்கம், 1775 அளவில் பர்மிங்காம் நகரில், ரிச்சட் கெற்லி என்பவரின் விடுதியில் உருவாயிற்று. அத்தகைய சங்கங்களில் சேர்ந்தோர் பெரும்பாலும் கைவினைஞரும் சிறு வியாபாரிகளுமாவர். மாதந்தோறும் ஒவ்வொருவரும் பணம் இட்டனர். பணம் திரண்டதும் ஒருவருக்கு வீடு, பின்னர் அடுத்தவருக்கு. எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலைந்தது.

இதனைப் படிக்கும் கொட்டாஞ்சேனைப் பெண்ணும் வெள்ளவத்தைக் கடைக்காரரும், "இது நம்முடைய சீட்டல்லவா?" என்று கேட்பர். ஆம், சீட்டேதான். இலங்கையில் இம்முறை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்ததெனில், அதனை ஒழுங்குபடுத்த 1935இல் ஒரு கட்டளைச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் 'சீட்டு' என்ற சொல்லே நின்றது. ஆக, வீட்டுக் கடன் என்னும் ஏற்பாட்டைச் சமைத்தோரே சம்பளச் சீட்டு இல்லாத மக்கள்தாம். தச்சனும் கொல்லனும் ஒருவரையொருவர் நம்பிக் கட்டிய வாசலில் இன்று தையற்காரி தடுத்து நிறுத்தப்படுகிறாள்.

இது எவ்வாறு நேர்ந்தது? கடன் கொடுத்தல் பெருமூலதனத்தின் தொழிலாக வளர்ந்தபோது, கடன் கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையிலிருந்த அறிமுகம் அற்றுப்போயிற்று. இருபது, முப்பது ஆண்டுத் தவணைக் கடனுக்கு அவ்வளவு காலமும் ஒழுங்காக வரும் வருமானம் ஆதாரமாக வேண்டும். அந்த ஒழுங்கை மூன்றாமவர் ஒருவர் எழுதித் தந்தால் வங்கிக்கு எளிது. அந்த மூன்றாமவரே முதலாளி. இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை ஏற்படுத்தியது. 1988இல் செய்யப்பட்ட திருத்தம் அந்நிதியிலுள்ள தொகையை வீட்டுக் கடனுக்குப் பிணையாக்க வழிவகுத்தது. தொழிலாளர் பெற்ற நல்ல உரிமை இது. ஆயின், சொந்தத் தொழிலுக்கு மாறுபவருக்கு அத்தகைய நிதி வளர்வதில்லை. நாட்டில் வேலை செய்வோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் சொந்தக் கணக்கில் உழைப்போர் என்பதை நினைத்தால் இவ்விடைவெளியின் பரப்பு விளங்கும்.

1990இல் மேலும் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. கொடுகடன் தகவல் பணியகம் கடன்பட்டோரின் பழைய வரலாற்றைத் திரட்டியது. பராட்டே எனப்படும் அதிகாரம், நீதிமன்றத் தீர்ப்பின்றியே ஈட்டுச் சொத்தை ஏலம்விட வங்கிகளுக்கு இடமளித்தது. கடன்பெற வரலாறு வேண்டும். வரலாறு பெறக் கடன் வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கியவர் இவ்வட்டத்துக்கு வெளியே நின்றார்.

பொரளைக்கு வேறொரு கொடிய வரலாறும் உண்டு. 1983 யூலை 24ஆம் திகதி இரவு, கனத்தை மயானத்தைச் சூழத் தொடங்கிய வன்செயல் நகரெங்கும் பரவியது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அயலில் வாழ்ந்த சிங்கள மக்கள் பலர் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தனர். உயிர் தப்பிய சிறு கடைக்காரன் மறுபடியும் தொழில் தொடங்கியபோது, அவனும் புதிதாகத் தொழில் தொடங்கியவனே ஆனான். கடையோடு கணக்குப் புத்தகமும் எரிந்தவனிடம் பழைய கணக்கைக் கேட்பது எத்தகைய நீதி?

மாற்று வழிகள் இந்நாட்டில் முயலப்படாமலில்லை. 1973இல், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு வரம்பிட்டது. மிகை வீடுகளை, அவற்றில் வாடகைக்கு இருந்தோர் வாங்க வழி பிறந்தது. அவ்வுரிமைக்கு அடிப்படை குடியிருப்பேயன்றிச் சம்பளப் பத்திரமன்று. அதன்பின் வாடகைக்கு வீடு கட்டும் தனியார் முதலீடு சுருங்கியதையும், அவ்விடத்தை அரசு போதியளவு நிரப்பாததையும் நாம் மறைக்கத் தேவையில்லை.

இரண்டாவது முயற்சி மக்களிடமிருந்தே எழுந்தது. 1980களின் இறுதியில் கொழும்புச் சேரிப் பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து சேமித்து, பெண்கள் வங்கியைக் கூட்டுறவாகக் கட்டினர். பொரளைச் சீவலிபுரத்தில் அதன் தலைமை அலுவலகம் அமைந்தது. கடன் பெறுபவளை அறிந்த குழுவே அவளுக்குப் பிணை. தொழிலுக்கும் வீட்டுக்கும் அவ்விதமே கடன் வழங்கப்பட்டது. பர்மிங்காம் விடுதியில் பிறந்த கருத்து, இருநூறு ஆண்டுகளின் பின் பொரளையில் மீண்டும் பிறந்தது எனலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். குழுப் பிணை உறுப்பினர் கையிலிருக்கும்வரை அது தோழமை; இலாபம் தேடும் கம்பனியின் கைக்குப் போனால் அதுவே விலங்கு. நுண்கடன் கம்பனிகள் இதே முறையைக் கைக்கொண்டு, கிராமத்துப் பெண்களைக் கடும் வட்டியில் ஆழ்த்தின. 2018இல் அரசு வட்டிக்கு வரம்பிட நேர்ந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்திற்று. தவணை கட்ட முடியாத சிறு தொழிலாளரின் எதிர்ப்பினால் 2024இல் பராட்டே அதிகாரம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. மக்கள் எதிர்த்தால் கடனின் விதிகளும் மாறும் என்பதற்கு இதுவும் சான்று.

ஒற்றிக் காலத்தில் காணியும், செட்டியார் காலத்தில் அறிமுகமும், இன்று முதலாளியின் கையெழுத்தும் பிணையாகியுள்ளன. இவற்றுள் எதுவும் இயற்கை விதியன்று. தவறாது கட்டிய வாடகைப் பற்றுச்சீட்டும், கூட்டுறவுச் சேமிப்புப் புத்தகமும், மின் கட்டண ரசீதும் ஒருவரின் ஒழுங்கைக் காட்டப் போதாவா? பொதுமக்கள் பணத்தில் நடக்கும் அரச வங்கிகளேனும் அவற்றை ஏற்கவேண்டும் என்று கோருவது பிச்சை கேட்பதாகாது. பத்தாண்டு பிறருக்குத் தைத்தவள் தன் உழைப்பைத் தானே ஆளத் துணிந்த அன்றே நம்பத்தகாதவளாகிவிட்டாள் என்றால், அந்த நம்பிக்கையின்மைக்கு அவளா பொறுப்பு?