கைநாட்டின் கதை

கையெழுத்திடத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று இகழ்ந்துரைப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். ஆயினும், ஒருவர் இட்ட கையெழுத்தைப் பிறரொருவர் பார்த்து எழுதிவிடலாம். விரல் நுனியில் இயற்கை தீட்டிய கோலத்தை அவ்வாறு எளிதிற் பிறர் தீட்டிவிட இயலாது. தடயவியல் என இன்று வழங்கும் விஞ்ஞானம் இவ்வுண்மையைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட வரலாற்றின் முக்கியமான பகுதி வங்காளத்திலே நிகழ்ந்தது. அதனையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

1858ஆம் ஆண்டில், வங்காளத்தில் ஆங்கில அதிகாரியாயிருந்த வில்லியம் ஹேர்ஷல், ஒப்பந்தகாரர் ஒருவரது உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தப் பத்திரத்திலே பெற்றார். பின்னாளில் அவர் தமது கையொப்பத்தை மறுத்துரையாதிருத்தற்கான ஓர் உபாயமே அது. பின்னர் ஆண்டுகள் பலவாகப் பதிவுகளைச் சேர்த்து ஒப்புநோக்கிய ஹேர்ஷல், வயது ஏறினும் விரற்கோடுகள் மாறுவதில்லை எனக் கண்டார். குற்றம் நிகழ்ந்த இடத்திற் காணப்படும் விரற்பதிவு குற்றவாளியைக் காட்டக்கூடும் என்று, ஜப்பானிற் பணியாற்றிய ஸ்கொட்லாந்து வைத்தியர் ஹென்றி போல்ட்ஸ் 1880இல் எழுதினார்.

ஆனால் பெரியதொரு இடர் எஞ்சி நின்றது. பல்லாயிரம் பேரின் பதிவுச் சீட்டுகளைக் குவித்துவைத்தால், வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்? பெயரை அகரவரிசையில் அடுக்கலாம். கோட்டை எவ்வரிசையில் அடுக்குவது?

இக்கேள்விக்கு விடை கல்கத்தாவிலே பிறந்தது. வங்காளப் பொலிஸ் மாஅதிபராயிருந்த எட்வேர்ட் ஹென்றியின் கீழ், கணிதம் பயின்ற அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் உத்தியோகத்தர் இருவர் பணிபுரிந்தனர். விரற்கோலங்களுள் வில் உண்டு, கண்ணி உண்டு, சுழி உண்டு. பத்து விரல்களும் ஐந்து சோடிகளாக வகுக்கப்பட்டன. முதற் சோடியிற் சுழியிருந்தால் மதிப்பு 16. அடுத்தவற்றுக்கு 8, 4, 2, 1. சுழியில்லாத விரலுக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு சோடியிலும் ஒரு விரலின் மதிப்பு மேலெண்ணிலும், மற்றதன் மதிப்பு கீழெண்ணிலும் சேரும். இறுதியில் இரண்டோடும் ஒன்றைக் கூட்டினால், ஒவ்வோரெண்ணும் 1 முதல் 32 வரையுள்ள ஒன்றாக அமையும். ஆகவே 32ஐ 32ஆற் பெருக்க, 1,024 அறைகள்! சுழியே இல்லாதவரின் சீட்டு முதலறைக்குச் செல்லும். பத்து விரலிலும் சுழியுடையவரின் சீட்டு கடையறைக்குச் செல்லும். அறையினுள்ளும் கோடுகளை எண்ணி மேலும் வகுத்தனர். குவியல் நூலகமாயிற்று.

1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. மறுவருடமே அதற்கொரு சோதனை வந்தது. ஜல்பைகுரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார்; அவரது பணம் களவுபோயிருந்தது. அவருடைய பெட்டியிலிருந்த பஞ்சாங்கம் ஒன்றில் இரத்தக் கறைபடிந்த பெருவிரற் பதிவு காணப்பட்டது. முன்னர் களவுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரன் ஒருவனது பதிவுடன் அது ஒத்திருந்தது. வழக்கு நடந்தது. திருட்டுக் குற்றத்துக்கு அவன் தண்டிக்கப்பட்டான். கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டான். அவன் அங்கு வந்தான், பொருளைத் தொட்டான் என்பதையே பதிவு காட்டிற்று. கொன்றான் என்பதைக் கண்டவர் எவருமிலர். புதிய விஞ்ஞானத்தின் ஆற்றலை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அதன் எல்லையையும் மறவாது காத்தது.

1901இல் இலண்டன் ஸ்கொட்லண்ட் யார்ட்டில் விரலடையாளப் பிரிவு தொடங்கப்பட்டது. அம்முறை ஹென்றியின் பெயரைத் தாங்கியே உலகெங்கும் பரவிற்று. எண்களை வகுத்த இருவரின் பெயர்கள் நெடுங்காலம் ஏடுகளிடையே மறைந்துகிடந்தன. பிற்காலத்தில் ஹென்றியே ஹக்கின் பங்கு பெரிதென ஒப்புக்கொண்டார். ஹக்குக்குக் கான் பகதூர், போசுக்கு ராய் பகதூர் என அரசு பட்டங்களும் வழங்கிற்று. எனினும் உலகம் வழங்கிய பெயர் மாறவில்லை.

நூறாண்டு கடந்தபின்னர், கணினி தேடித்தரும் காலத்திலும், ஜல்பைகுரி கற்பித்த பாடம் பழமையாகவில்லை. 2004இல் மட்ரிட் நகர் இரயில்களில் குண்டுகள் வெடித்தன. அங்கு கிடைத்த பதிவொன்று தம் நாட்டுச் சட்டத்தரணி ஒருவருடையதென அமெரிக்க நிபுணர்கள் உறுதிகூற, அவர் இரு வாரமளவு தடுத்துவைக்கப்பட்டார். அது வேறொருவருடையதென ஸ்பானியப் பொலிசார் கண்டறிந்த பின்னரே தவறு வெளிப்பட்டது. விரல் பொய் சொல்லவில்லை. வாசித்த கண்களே பிழைத்தன.

சான்றின் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் இருக்கிறார். அன்று சீட்டுகளை அறையறையாக அடுக்கியவரும் மனிதர்; இன்று கோடுகளை ஒப்பிட்டு முடிவு கூறுபவரும் மனிதர். அவருடைய பொறுமையும் நேர்மையுமே ஒரு கைநாட்டை நீதியின் சாட்சியாக்குகின்றன.