போடிப் பச்சையும் பிரிவு 40-ம்

விழா மலர் என்றால் ஏலக்காயின் மணத்தைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. அதனால் யாரும் கை வைக்காத தலைப்பை நான் எடுத்துக்கொண்டேன்: நம் காய்க்குக் காவலாக வந்த சட்டத்தின் கதை.

போடியில் காய் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பச்சையை. அந்தப் பச்சை காயும்போது போய்விடக் கூடாது என்று, நூற்றுக்கு இரண்டு பங்கு சலவைச் சோடா கரைத்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஸ்டோர் என்னும் உலர்த்தும் அறையில் ஏற்றும் முறை மலைத் தோட்டங்களில் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் முற்றிய காய் வெளுக்கும், வெளிச்சம் பட்டுக் கிடந்த சரக்கு வெளுக்கும், வெளுத்ததற்கு விலை இறங்கும். சாயம் உள்ளே வருவது அந்த இடத்தில்தான். ஆலைத் தேவைக்கென்று தயாரான நிறம் பாயசத்தில் போய் விழுகிறது. ஏலக்காயில் சேர்க்கப்பட்ட நிறம் எதுவுமே இருக்கக் கூடாது என்பது சட்டம்; இவ்வளவு வரை பரவாயில்லை என்ற சலுகையெல்லாம் கிடையாது.

சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் வந்துவிட்டது. பிறகு நாடு முழுவதற்கும் பொதுவாக 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, 1955 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஈயம் போன்ற நச்சு உலோகங்களுக்கு அதன் விதிகள் வரம்பு கட்டின. மஞ்சளில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. மஞ்சளுக்கு ஏன் தனியாக ஒரு வரி என்றால், விரலி மஞ்சளுக்கு மெருகேற்ற லெட் குரோமேட் என்ற பெயின்ட் நிறமியைப் பூசுகிறவர்கள் இருந்தார்கள்.

சட்டம் டெல்லியில் பிறந்தாலும் தெருவில் அதைச் சுமந்தவர் சுகாதார ஆய்வாளர். சாக்கடை, கொசு, காலரா ஊசி, திருவிழாக் கூட்டம், இத்தனைக்கும் நடுவே மிளகாய்ப்பொடி மாதிரி எடுப்பதும் அவர் வேலை. மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். அரக்கு சரியாக ஒட்டாததால் தோற்ற வழக்குகளை எண்ணினால் நச்சைவிட அரக்குதான் பெரிய பிரச்சினையோ என்று தோன்றும்.

ஏலக்காய்ச் சட்டம் 1965-ல் வந்தது, மறு ஆண்டு ஏலக்காய் வாரியம். 1987-ல் அது நறுமணப் பொருள் வாரியத்துக்குள் அடங்கியது. தொடக்கத்தில் வாரியத்தின் கவனமெல்லாம் விலையிலும் ஏலத்திலும் ஏற்றுமதியிலும்தான். அதை உலுக்கியது 2003. இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருள்களில் சூடான்-1 என்ற சாயத்தைப் பிரான்ஸ் கண்டுபிடித்தது. எண்ணெய், மெழுகு, ஷூ பாலிஷ் ஆகியவற்றுக்கு நிறமேற்றும் சரக்கு அது. சோதனைச் சான்று இல்லாத மிளகாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் கதவைச் சாத்தியது. ஏற்றுமதிக்குப் போகும் மிளகாய்க்கு இங்கேயும் கட்டாயச் சோதனை வந்தது. ஆண்டிபட்டிச் சந்தைக்குப் போகும் மூட்டைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வருத்தத்தை விழா மலரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

2006-ன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. 2011 ஆகஸ்ட் 5 முதல் புதிய சட்டத்தின் விதிமுறைகள் நடப்பில் உள்ளன. உலோகம், நச்சு, மருந்து எச்சம் ஆகியவை வரம்பைத் தாண்டக் கூடாது என்பதற்குத் தனிப் பிரிவுகளே உண்டு. மாதிரி இப்போது நான்கு பாகம். மதுரையிலேயே பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

ஐயப்ப பக்தர்கள் கம்பம், குமுளி வழியாக மலையேறும் பள்ளத்தாக்கு இது. அதனால் 2023 ஜனவரிச் செய்தி இங்கே சற்று உரக்கவே கேட்டது. ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருந்ததென்று கேரள உயர் நீதிமன்றம் சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயசத்தின் விற்பனையை நிறுத்தியது. சுமார் 6.65 லட்சம் டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் பாயசம் பழசாகிவிட்டது. தனி வரம்பு குறிக்காத பூச்சிமருந்துக்கு 2023-ல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லையாக இருந்தது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண்ணுக்கோ மூக்குக்கோ அகப்படாத அளவு. நகத்தால் காயைப் பிளந்து மோந்து பார்த்தே தரம் சொன்ன தலைமுறைக்கு இது பெரிய அடி.

இன்னொரு பிரிவைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. பிரிவு 40-ன்படி வாங்குகிற எவரும் கட்டணம் கட்டிப் பொருளைச் சோதனைக்குக் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 1954 சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. ஒரே நிபந்தனை, வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் கடன் சொல்லிச் சாமான் வாங்கும் கடையில் நின்று, "அண்ணே, நூறு கிராம் ஏலக்கா குடுங்க, லேபுக்கு அனுப்பணும்" என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.